அந்தப் பத்து ரன் எங்கிருந்து வந்தது?

2023 ஐபிஎல் இறுதிப் போட்டியை மறக்க முடியாத ஒரு வாசகர் கேட்கிறார்: "குஜராத் 20 ஓவரில் 214 எடுத்தது. மழையால் சென்னைக்கு 15 ஓவர்தான் கிடைத்தது. முக்கால்வாசி ஓவர் என்றால் முக்கால்வாசி ரன்தானே? 161 எடுத்தால் போதுமே. 171 என்று பத்து ரன்னை எதற்கு ஏற்றினார்கள்?"

நல்ல கேள்வி. கேட்டவருக்குத் தெரிந்துதான் கேட்டாரோ என்னவோ, கடைசி இரண்டு பந்துக்குப் பத்து ரன் வேண்டும் என்ற நிலையில்தான் ஜடேஜா நின்றார். அப்போது சென்னையின் ஸ்கோர் 161. வாசகர் கணக்குப்படி ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. அந்த சிக்சருக்கும் பவுண்டரிக்கும் வேலையே இருந்திருக்காது. டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் (டிஎல்எஸ்) என்ற மழைக் கணக்கின் சூத்திரம் நமக்குக் கொடுத்த பரிசு என்றே அதைச் சொல்லலாம்.

முதலில், முக்கால்வாசி என்ற கணக்கு ஏன் தப்பு? 20 ஓவர் ஆடும் அணி பத்து விக்கெட்டை 20 ஓவருக்குப் பிரித்துச் செலவழிக்க வேண்டும். 15 ஓவர் ஆடும் அணிக்கும் அதே பத்து விக்கெட்தான். ஓவரைக் குறைத்தார்கள், விக்கெட்டைக் குறைக்கவில்லை. அதனால் துரத்தும் அணி துணிந்து அடிக்கலாம். ஓவருக்கு இத்தனை ரன் என்று சராசரி போட்ட காலத்தில், மழை மேகம் தெரிந்தாலே டாஸ் ஜெயித்த கேப்டன் பந்துவீச்சைக் கேட்டதற்கு இதுதான் காரணம்.

அதைச் சரிசெய்யப் போய் இன்னொரு கூத்து நடந்தது. 1992 உலகக் கோப்பை, சிட்னியில் அரையிறுதி. இங்கிலாந்தை வெல்ல தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் வேண்டியிருந்தது. பன்னிரண்டு நிமிட மழைக்குப் பிறகு ஸ்கோர்போர்டு காட்டியது: ஒரு பந்தில் 22. (உண்மையில் 21. போர்டிலும் தப்பு.) முதல் அணி மிகக் குறைவாக ரன் எடுத்த ஓவர்களைக் கழிப்பது அன்றைய விதி. தென்னாப்பிரிக்கா ரன்னே கொடுக்காமல் அருமையாக வீசிய இரண்டு மெய்டன் ஓவர்களே அதன் கழுத்தை அறுத்தன.

அதே ஆண்டு ஃபிராங்க் டக்வொர்த் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ஷெஃபீல்டில் நடந்த மாநாட்டில் ஒரு யோசனையை முன்வைத்தார். டோனி லூயிஸ் என்ற கல்லூரி ஆசிரியர் கூட்டுச் சேர்ந்தார். 1997 ஜனவரி 1 அன்று ஜிம்பாப்வே-இங்கிலாந்து ஒருநாள் போட்டியில் அவர்கள் முறை முதன்முதலாகப் புழக்கத்துக்கு வந்தது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு அணியின் கையில் இருக்கும் சரக்கு இரண்டு: மிச்ச ஓவர், மிச்ச விக்கெட். இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்கி, அதற்கு 'வளம்' என்று பெயர் வைத்தார்கள். 50 ஓவர், பத்து விக்கெட் என்றால் வளம் 100 சதவீதம். எந்த ஓவரில் எத்தனை விக்கெட் போயிருந்தால் எவ்வளவு வளம் மிச்சம் என்பதற்கு ஓர் அட்டவணை. 2002இல் திருத்தப்பட்ட அட்டவணையை எடுத்துக்கொள்வோம். விக்கெட்டே போகாதபோது 5 ஓவர் மிச்சமிருந்தால் வளம் 17.2. 10 ஓவருக்கு 32.1. 15க்கு 45.2. 20க்கு 56.6.

இந்த எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பாருங்கள். முதல் ஐந்து ஓவர் 17.2 தருகிறது. அடுத்த ஐந்து 14.9, அதற்கடுத்த ஐந்து 13.1, கடைசி ஐந்து 11.4. ஒவ்வொரு ஐந்தும் முந்தைய ஐந்தைவிட இளைத்தது. ஓவர் கூடக் கூட ரன்னும் கூடும்தான், ஆனால் கூடும் வேகம் படிப்படியாகக் குறையும், ஏனென்றால் விக்கெட்டைக் காப்பாற்றவும் வேண்டுமே. பிளஸ் டூவில் படித்த அடுக்குக்குறிச் சார்புதான் இது. சூடான காபி ஆறுவதும் இதே வடிவ வளைகோட்டில்தான்: முதலில் மளமளவென்று, போகப்போக மெதுவாக, அறையின் வெப்பநிலையை நெருங்கிக்கொண்டே.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அட்டவணையின் வலது ஓரம். ஒன்பது விக்கெட் போய்விட்டால் 10 ஓவர் மிச்சம் இருந்தாலும் வளம் 4.7, 50 ஓவர் மிச்சம் இருந்தாலும் அதே 4.7. வளைகோடு எழுந்த வேகத்திலேயே படுத்துவிடுகிறது. கடைசி ஆட்டக்காரர் எப்படியும் பத்து ஓவர் நிற்கப் போவதில்லை, நாற்பது ஓவரைக் கூடுதலாகக் கொடுத்து என்ன பயன்? கிரிக்கெட் பார்க்கும் எவருக்கும் தெரிந்த உண்மை. அதைச் சூத்திரம் தானாகவே சொல்வதுதான் அழகு.

இனி அந்த இறுதிப் போட்டி நடந்த அகமதாபாத். மழை வருமுன் சென்னை மூன்று பந்துதான் ஆடியிருந்தது, அதை விட்டுவிடுவோம். குஜராத்துக்குக் கிடைத்த வளம் 56.6. சென்னைக்கு 45.2. ஓவரில் கால்வாசி போயிற்று, வளத்தில் போனது ஐந்தில் ஒரு பங்குதான், அதுவும் இருப்பதிலேயே இளைத்த 11.4. 214ஐ 45.2ஆல் பெருக்கி 56.6ஆல் வகுத்தால் 170.9. பின்னத்தை விட்டால் 170 எடுத்தால் சமன், 171 எடுத்தால் வெற்றி. இருபது வருடப் பழைய அட்டவணை, அதுவும் ஒருநாள் போட்டிக்காகப் போட்டது, அன்றிரவு அறிவித்த அதே எண்ணைத் தருகிறது!

இந்தச் சமன், வெற்றி என்ற ஒரு ரன் வித்தியாசம் ஒரு நாட்டையே அழவைத்திருக்கிறது. 2003 உலகக் கோப்பை, டர்பன். இலங்கை எடுத்தது 268. துரத்திய தென்னாப்பிரிக்காவின் 45ஆவது ஓவரை முத்தையா முரளிதரன் வீசுகிறார், மழை கொட்டுகிறது. ஐந்தாவது பந்தை மார்க் பவுச்சர் சிக்சருக்குத் தூக்குகிறார். ஸ்கோர் 229, ஆறு விக்கெட். அணியிடம் இருந்த தாளில் 229 என்றிருந்ததால் வேலை முடிந்தது என்று நினைத்து, கடைசிப் பந்தைத் தடுத்து ஆடிவிட்டார். அதோடு மழை ஆட்டத்தை நிறுத்திவிட்டது. ஐந்து ஓவர் மிச்சம், ஆறு விக்கெட் போனால் மிச்ச வளம் 14.3. செலவானது 85.7. 268இல் 85.7 சதவீதம் 229.7. ஆக 229 என்பது சமனுக்கான எண். ஆட்டம் சமனில் நின்றது, போட்டியை நடத்திய நாடே முதல் சுற்றோடு வெளியேறியது.

பவுச்சரைத் திட்டுவதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தப் பந்தில் அவர் அவுட் ஆகியிருந்தால் மிச்ச வளம் 12.5 ஆகச் சுருங்கி, சமனுக்கான எண் 234க்கு ஏறியிருக்கும். ஜெயித்துவிட்டோம் என்று நம்பியவர் தடுத்து ஆடியது சரியான முடிவுதான். தாளைப் படித்த விதத்தில்தான் கோளாறு.

2014 முதல் இந்த முறையை ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஸ்டீவன் ஸ்டெர்ன் கவனிக்கிறார், அதனால்தான் 'டிஎல்' என்ற பெயரோடு 'எஸ்' என்ற மூன்றாவது எழுத்து ஒட்டிக்கொண்டது. முன்னூற்றைம்பது, நானூறு எடுக்கும் அணிகள் தொடக்கத்திலிருந்தே அடிக்கின்றன. அங்கே வளைகோடு நேர்கோட்டை நோக்கி நிமிர வேண்டும் என்பது அவர் திருத்தத்தின் சாரம்.

எனக்கு ஒரு குறை உண்டு. பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு பள்ளிப் பையன்கூட பென்சிலால் இலக்கைச் சரிபார்க்கலாம், மேலே நாம் செய்ததுபோல. இப்போதைய சர்வதேசப் போட்டிகளில் இலக்கைச் சொல்வது கணினி நிரல். அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை நாம் பார்க்க முடியாது. கோடிக்கணக்கானோர் பார்க்கும் ஆட்டத்தின் முடிவை மாற்றும் கணக்கை மூடி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. புரியாத எண் வந்தால் 'பிக்ஸிங்' என்ற வதந்தி தானாகக் கிளம்பும், போட்டிக்கு முன்பே முடிவு சொல்லும் ஜோசியர்களுக்கும் கொண்டாட்டம்.

போட்டிக்கு நிற்கும் இன்னொரு முறை நம் பக்கத்திலிருந்தே வந்தது. திருச்சூரைச் சேர்ந்த சிவில் இன்ஜினியர் ஜெயதேவன் ஒன்றுக்குப் பதில் இரண்டு வளைகோடுகளை வைத்தார்: வழக்கமாக ஓர் இன்னிங்ஸ் நகரும் விதத்துக்கு ஒன்று, இலக்கை மாற்றி அமைக்க மற்றொன்று. ஐசிசி அதைப் பரிசீலித்துவிட்டுப் பழையதையே வைத்துக்கொண்டது. தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் மழை பெய்தால் ஓடுவது அவருடைய 'விஜேடி' கணக்குதான். ஒரு வீரரை ஏலம் எடுக்கும் பணத்தில் நூறில் ஒரு பங்கை இப்படிப்பட்ட ஆய்வுக்குக் கிரிக்கெட் வாரியம் ஒதுக்கினால், நம் கல்லூரிகளின் புள்ளியியல் துறைகளில் நாலு பேராவது இதை முழுநேரமாகச் செய்வார்கள்.