மேட்ரிக்ஸ மேட்ரிக்ஸா மாத்துற மேப்ப எப்படி எழுதி வைக்கிறது?

ஒரு 2×2 மேட்ரிக்ஸ் உள்ள போகுது, இன்னொரு 2×2 மேட்ரிக்ஸ் வெளிய வருது, மேப் லீனியரா இருக்கணும் (ரெண்ட கூட்டி உள்ள விட்டாலும், தனித்தனியா விட்டு கூட்டினாலும் ஒரே விடை, எண்ணால பெருக்கினாலும் அப்படியே). இவ்ளோதான் கண்டிஷன்னா வேலை ஈஸி. உள்ள போற நாலு எண்ணையும் ஒன்னு கீழ ஒன்னா அடுக்கிட்டா வெக்டர் ஆயிடும், அப்புறம் அந்த மேப்ங்கிறது வெறும் 4×4 மேட்ரிக்ஸ் தான். 3×3க்கு 9×9, அதாவது 81 எண். கம்ப்யூட்டருக்கு இது போதும். ஆனா அந்த 81 எண்ணையும் உத்துப் பாத்து, இந்த மேப் டிட்டர்மினன்ட்ட (சதுர மேட்ரிக்ஸோட எண்கள பெருக்கி, கூட்டி, கழிச்சு எடுக்கிற ஒரே எண்) மாத்தாம விடுதா, ரேங்க்க (ஒன்னையொன்னு சாராத ரோ எத்தனைங்கிற கணக்கு) காப்பாத்துதான்னு கேட்டா ஒன்னும் பிடிபடாது, ஏன்னா அடுக்கும்போதே எது ரோ (வரிசை), எது காலம் (நெடுவரிசை)ங்கிறது கலைஞ்சு போயிருக்கும்.

1897ல ஃப்ரோபீனியஸ்ங்கிற கணிதவியலாளர் கேட்டது இந்த மாதிரி கேள்விதான். காம்ப்ளெக்ஸ் எண் இருக்கிற சதுர மேட்ரிக்ஸ்கள்ல, டிட்டர்மினன்ட்ட அப்படியே காப்பாத்துற லீனியர் மேப் எதெல்லாம்? அவர் கண்டுபிடிச்ச பதில் ரொம்ப சின்னது: இடது பக்கம் ஒரு மேட்ரிக்ஸால பெருக்கு, வலது பக்கம் ஒன்னால பெருக்கு, வேணும்னா அதுக்கு முன்னாடி ஒரு தடவை டிரான்ஸ்போஸ் (ரோவ நெடுவரிசையா திருப்புறது) எடுத்துக்கோ, பெருக்குற ரெண்டோட டிட்டர்மினன்ட்டையும் பெருக்கினா 1 வரணும். வேற வழியே கிடையாது! 3×3க்கு 81 எண்ணையும் இஷ்டத்துக்கு வைக்கலாம்னு ஆரம்பிச்சோம், இப்ப கைல இருக்கிறது ரெண்டு மேட்ரிக்ஸ்ல 18 எண், அதுலயும் டிட்டர்மினன்ட் கண்டிஷனுக்கு ஒன்னு போச்சு, ஒன்ன பெருசாக்கி இன்னொன்ன சிறுசாக்கினாலும் அதே மேப் தான் வரும்ங்கிறதால இன்னொன்னு போச்சு, மிச்சம் 16. ரேங்க்க காப்பாத்துற மேப்புக்கும் கிட்டத்தட்ட இதே வடிவம்தான், அத 1959ல மார்கஸும் மாய்ல்ஸும் காட்டினாங்க.

எனக்கு இதவிட பிடிச்சது பாசிட்டிவ் மேப் கதை. ஐகன்வேல்யூங்கிறது, மேட்ரிக்ஸால பெருக்கினா வெறும் மடங்கா மட்டும் மாறுற வெக்டர் (ஐகன்வெக்டர்) எத்தனை மடங்காகுதோ அந்த எண். நெகட்டிவ் ஐகன்வேல்யூ இல்லாத ஹெர்மீஷியன் மேட்ரிக்ஸ (டிரான்ஸ்போஸ் எடுத்து i வர்ற இடத்துல −i போட்டாலும் மாறாதது) உள்ள போட்டா அதே மாதிரி ஒன்னு தான் வெளிய வரணும். குவாண்டம் இயற்பியல்ல ஒரு சிஸ்டத்தோட ஸ்டேட்ட (நிலைய) எழுதுறதே இப்படிப்பட்ட மேட்ரிக்ஸா தான், அதனால அங்க இது விளையாட்டு இல்ல. டிரான்ஸ்போஸ் ஐகன்வேல்யூவ தொடாது, அதனால அது பாசிட்டிவ் மேப் தான். ஆனா ஒரு பெரிய சிஸ்டத்துல பாதிக்கு மட்டும் டிரான்ஸ்போஸ் பண்ணி மீதிய சும்மா விட்டா நெகட்டிவ் ஐகன்வேல்யூ எட்டிப் பாக்கலாம். எவ்வளவு பெரிய சிஸ்டத்தோட ஒட்டினாலும் நெகட்டிவ் வராத மேப்புக்கு கம்ப்ளீட்லி பாசிட்டிவ்னு பேரு.

அத எப்படி செக் பண்றது? 1975ல சோய்ங்கிற கணிதவியலாளர் 2×2க்கு மட்டும் இல்லாம எல்லா சைஸுக்கும் காட்டின வழி இது, 2×2ல பாப்போம். ஒரே ஒரு இடத்துல 1, மத்ததெல்லாம் 0ன்னு இருக்கிற நாலு மேட்ரிக்ஸ எடு, ஒவ்வொன்னையும் மேப்புக்குள்ள விடு, வர்ற விடைய அந்த 1 இருந்த இடத்துலயே பிளாக்கா ஒட்டு. எதையும் மாத்தாத மேப்புக்கு கிடைக்கிற 4×4ல நாலு மூலைலயும் 1, மத்த இடமெல்லாம் 0, ஐகன்வேல்யூ 2, 0, 0, 0. டிரான்ஸ்போஸுக்கு 1, 1, 1, −1 வரும். அந்த ஒரு −1 போதும், டிரான்ஸ்போஸ் ஃபெயில். நெகட்டிவே இல்லன்னா மட்டும் தான் மேப் கம்ப்ளீட்லி பாசிட்டிவ், ஒரு ஐகன்வேல்யூ கணக்குலயே முடிஞ்சிடுது.

இன்னொரு லாபமும் இருக்கு. ஐகன்வெக்டர ஐகன்வேல்யூவோட வர்க்கமூலத்தால பெருக்கி, திரும்ப 2×2வா மடிச்சா, மேப்ப எழுதத் தேவையான துண்டுகள் அப்படியே கிடைக்கும் (க்ராஸ் ஆபரேட்டர்னு சொல்வாங்க). ஒவ்வொரு துண்டாலயும் இடது பக்கம் பெருக்கி, அதோட டிரான்ஸ்போஸ் கான்ஜுகேட்டால (டிரான்ஸ்போஸ் எடுத்து iக்கு −i போட்டது) வலது பக்கம் பெருக்கி, எல்லாத்தையும் கூட்டினா மேப் ரெடி. மேல சொன்ன எதையும் மாத்தாத மேப்லயே பாருங்க, 2ங்கிற ஐகன்வேல்யூவுக்கு உரிய வெக்டர மடிச்சா ஐடென்டிட்டி மேட்ரிக்ஸ் தான் வரும், வேற என்ன வரணும்!

வெறும் பாசிட்டிவா மட்டும் இருக்கிற மேப்புக்கும் இப்படி ஒரு ஃபார்முலா இருக்கான்னா, 2×2ல இருக்கு: ஒரு கம்ப்ளீட்லி பாசிட்டிவ் மேப், கூடவே டிரான்ஸ்போஸ் எடுத்துட்டு இன்னொரு கம்ப்ளீட்லி பாசிட்டிவ் மேப், ரெண்டையும் கூட்டினா போதும், இது ஸ்டோர்மர் 1963ல நிரூபிச்சது. 3×3ல இது நடக்காது, எடுத்துக்காட்டோட காட்டினதும் அதே சோய் தான்.