காவலுக்கு ஆள் வைக்கும் முன்: டெல்டாவின் மண்டப, ஆலை, விடுதி உரிமையாளர்களுக்கு

தை, மாசியில் சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் டெல்டாவில் செக்யூரிட்டி நிறுவனம் நடத்துகிறவர்களுக்குத் தூக்கம் போய்விடும். காவலாளிகளில் பலர் சொந்தமாகவோ குத்தகைக்கோ கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்கள். அறுப்பு மெஷின் எந்த நாள் வயலில் இறங்கும் என்பது அவர்கள் கையில் இல்லை. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, எடை போடும் வரை அங்கேயே படுத்துக் கிடக்க வேண்டும். அந்த நாட்களில் கல்யாண மண்டப வாசலிலும் அரிசி ஆலை கேட்டிலும் நிற்பது யார்? மச்சான், சித்தப்பா மகன், பக்கத்துத் தெரு ஆள். அதே சட்டை, அதே தொப்பி, கழுத்தில் அதே அடையாள அட்டை. அட்டையில் இருக்கும் முகம் மட்டும் வேறு.

காவல் நிறுவனங்களுக்கு உரிமம் எடுத்துக் கொடுப்பதும் பதிவேடுகளைச் சரிபார்ப்பதும் தொழிலாளர் சட்ட ஆலோசகனான என் அன்றாட வேலைகளில் ஒன்று. ஆனாலும் இந்தக் கட்டுரை அந்த நிறுவனங்களுக்கு அல்ல, அவர்களிடம் ஆள் எடுக்கிறவர்களுக்கு. சட்டப்படி கொடுக்கவே முடியாத விலையைக் கேட்டு வாங்குவது அவர்கள்தான்; வழக்கு என்று வந்தால் முதலில் விழிப்பதும் அவர்கள்தான்.

தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மாநில அரசு நியமித்த கட்டுப்பாட்டு அதிகாரியின் உரிமம் இல்லாமல் முகமையை, அதாவது காவலுக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்தை, நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். காலாவதியாவதற்கு 45 நாட்களுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் ஆலைக்கு நீங்களே சம்பளம் கொடுத்து ஒரு வாட்ச்மேனை வைத்துக்கொண்டால் இந்த உரிமம் தேவையில்லை. ஆனால் ‘அண்ணன் ஆள் அனுப்புவார்’ என்கிறார்களே, அந்த அண்ணன் நாலு இடத்துக்கு ஆள் அனுப்பிக் கமிஷன் எடுக்கிறவராக இருந்தால், பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அவர் முகமைதான்.

உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டியிருப்பார்கள். மாட்ட வேண்டும் என்பதே விதி. அதில் எந்தெந்த மாவட்டங்கள் எழுதியிருக்கின்றன என்பதைத்தான் யாரும் படிப்பதில்லை. ஒரே மாவட்டம் என்றால் கட்டணம் 5,000 ரூபாய், ஐந்து மாவட்டங்கள் வரை 10,000, மாநிலம் முழுவதற்கும் 25,000. நம் பகுதியில் இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு மட்டும் உரிமம் வைத்திருந்தவர் சீர்காழியில் காவல் போட்டிருந்தால், அவர் ஓர் அடி நகராமலே உரிம எல்லைக்கு வெளியே போய்விட்டார். இரண்டாவது சிக்கல் காரைக்கால். நாகூரைத் தாண்டி வாஞ்சூர் வந்தாலே புதுச்சேரி ஒன்றியப் பகுதி தொடங்கிவிடுகிறது. நாகையிலிருந்து காலை டூட்டிக்கு சைக்கிளில் போகிற தூரம்தான். ஆனாலும் அங்கே செல்லுபடியாவது புதுச்சேரி உரிமம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சி என்று ஐந்தையும் சேர்த்து எடுத்தாலே 10,000 ரூபாய்தான். அதை மிச்சம் பிடித்துவிட்டு எல்லைத் தகராறில் மாட்டிக்கொள்பவர்களை என்ன சொல்வது?

அடுத்து பயிற்சி. இந்தச் சட்டத்துக்கான மத்திய மாதிரி விதிகள் வகுத்த அளவு வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம், குறைந்தது 20 வேலை நாட்கள். முன்னாள் ராணுவத்தினருக்கும் ஓய்வுபெற்ற போலீசாருக்கும் மட்டும் சுருக்கப் பயிற்சி போதும். இந்த விதிகள் 2020 டிசம்பரில் மாற்றி எழுதப்பட்டபோது, காவலாளியின் பின்னணியைக் காவல்துறையின் மின்னணுக் குற்றத் தரவுத்தளங்கள் வழியாகவே சரிபார்க்க வழி செய்யப்பட்டது. ஆகவே ‘போலீஸ் சரிபார்ப்புக்கு மாசக்கணக்கில் ஆகும் சார்’ என்ற பழைய சாக்கு இனி அவ்வளவாக எடுபடாது. திங்கட்கிழமை வேலை கேட்டு வந்தவர் செவ்வாய்க்கிழமை உங்கள் கேட்டில் நின்றால் அவர் என்ன பயிற்சி பெற்றிருப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வயது 18-க்குக் கீழேயும் இருக்கக் கூடாது, 65-ஐ எட்டியும் இருக்கக் கூடாது. நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசல்களில் முகமை மூலம் வந்து உட்கார்ந்திருக்கும் தாத்தாக்களை நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. அவர்களுக்கும் வேறு வருமானம் கிடையாது. ஆனால் தீ விபத்து என்றால் மாடிப்படி ஏற வேண்டியவர் அவர்தான்.

பதிவேட்டுக்கு வருவோம். காவலாளிகள், மேற்பார்வையாளர்கள் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, புகைப்படம், சம்பளம் எல்லாம் முகமையின் பதிவேட்டில் இருக்க வேண்டும். எந்தெந்த இடத்துக்கு ஆள் கொடுத்திருக்கிறார்கள் என்பதும் இருக்க வேண்டும். புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை கட்டாயம். வேலையை விட்டு நின்றால் அதைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். ஓர் அரிசி ஆலையில் கேட்டருகே வைத்திருந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அன்று மாதத்தின் இருபதாம் தேதி. முப்பதாம் தேதி வரை கையெழுத்து போட்டு முடித்திருந்தார்கள். மூன்று பேர் கையெழுத்தும் ஒரே நீல மை, ஒரே சாய்வு. மேற்பார்வையாளரின் பார்வையிட்ட கையெழுத்தும் அதே பேனாவில். கேட்டில் இருந்த பையனிடம் பெயர் கேட்டேன். சற்றுத் தயங்கி, அட்டையைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான். அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்த ஆலையில் திருட்டு நடந்து, போலீஸ் வந்து ‘நேற்றிரவு யார் டூட்டி?’ என்று கேட்டால் அந்தப் பதிவேடு உரிமையாளருக்கு எதிராகத்தான் பேசும்.

2019 அக்டோபரில் திருச்சியில் ஒரு பெரிய நகைக்கடையின் சுவரைத் துளையிட்டு நகைகளை அள்ளிச் சென்றதும், அதில் ஒரு பங்கு திருவாரூரில் வாகனச் சோதனையில் பிடிபட்டதும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு பல கடைக்காரர்கள் கேமராவைக் கூட்டினார்கள். ஆளின் தரத்தைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு.

இனி, எல்லாரும் தொட விரும்பாத பணக் கணக்கு. ஒரு கேட்டுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் காவல் வேண்டும். ‘ரெண்டு பேர், ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம்’ என்பதுதான் நம் பகுதியில் வழக்கமான பேரம். சட்டப்படி ஒரு நாள் வேலை எட்டு மணி நேரம். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் இரட்டைச் சம்பளம். அப்படியானால் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவருக்கு எட்டும், நான்கின் இரட்டிப்பான எட்டும் சேர்ந்து பதினாறு மணி நேரச் சம்பளம் தர வேண்டும். இருவருக்கும் சேர்த்து முப்பத்திரண்டு. மூன்று பேரை எட்டெட்டு மணி நேரம் நிறுத்தினால் இருபத்து நான்கோடு முடிந்துவிடும். இரண்டு பேர் திட்டம் மலிவாகத் தெரிகிறதென்றால், அந்த மிகைநேரச் சம்பளம் கொடுக்கப்படவில்லை என்பதுதான் காரணம். வார விடுமுறைக்கு வரும் மாற்று ஆளுக்கான தொகை கொட்டேஷனில் தனி வரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அறுவடைக் காலத்தில் மச்சான்தான் வருவார்.

2025 நவம்பர் 21 முதல், பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றுசேர்த்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம், 40 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை இலவச உடல் பரிசோதனை, அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் சம்பளம். இன்னொன்று முக்கியம்: அலவன்ஸ்கள் மொத்தத் தொகையில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் சம்பளமாகவே கணக்கிடப்படும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, சலவைப்படி, பயணப்படி என்று பிரித்துப் போட்டு பி.எஃப்.-ஐக் குறைக்கிற பழைய தந்திரத்துக்கு இது முட்டுக்கட்டை. முகமை சம்பளம் தராமல் ஓடிவிட்டால் அதைக் கொடுக்கும் பொறுப்பு ஆள் எடுத்த நிறுவனத்தின் மீது விழும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பாக்கியும் அப்படியே உங்கள் வாசலுக்கு வரலாம். ஆகவே மாதாமாதம் பில்லோடு அந்த இரண்டு சலான்களின் நகலையும், உங்கள் கேட்டில் நிற்பவர்களின் பெயர் அதில் இருக்கும் பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். மொத்தத் தொகை மட்டும் காட்டும் சலானை நான் ஏற்பதில்லை.

இந்தத் தொகுப்புகளோடு ஒரு தவறான பேச்சும் கிளம்பியிருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் உரிமத்துக்கான வரம்பு 20 பேரிலிருந்து 50 பேராக உயர்ந்தது உண்மை. அதைக் காட்டி ‘ஐம்பது பேருக்குக் கீழே எங்களுக்கு லைசென்ஸே வேண்டாம்’ என்று சில முகமைகள் சொல்கின்றன. அது வேறு உரிமம். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான உரிமம் ஐந்து பேரை வைத்திருப்பவருக்கும் வேண்டும்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வாக்கியம்: முகமை கம்பெனியாக இல்லாமல் தனிநபர் அல்லது கூட்டாண்மை நிறுவனமாக இருந்து, நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராக இருந்தால், பொதுவாக 18 சதவீத வரியை நேரடியாகக் கட்ட வேண்டியவர் நீங்கள்தான். உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடுப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் மண்டபக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். முகூர்த்த நாளில் வாசலில் ‘போலீஸ் மாதிரி’ ஆள் நிற்க வேண்டும் என்று அவர்களே காக்கிச் சட்டை, தோளில் நட்சத்திரம், லத்தி என்று கேட்கிறார்கள். ராணுவம், போலீஸ் உடுப்பையோ அதைப்போல் தோன்றுவதையோ காவலாளி அணிந்தால் அவருக்கும் முகமை உரிமையாளருக்கும் ஓராண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வெளிர்நீலச் சட்டையில் வந்தாலும் மாப்பிள்ளை வீட்டார் மரியாதை குறைந்துவிடப் போவதில்லை.

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் முடிகிறது. அதற்காக விடுதிகள் கூடுதல் ஆள் கேட்கும்போது ‘பத்து நாளுக்குத்தானே’ என்பார்கள். பத்து நாள் காவலுக்குச் சட்டத்தில் தனிச் சலுகை இல்லை. பயிற்சியும் சரிபார்ப்பும் அட்டையும் அதே அளவுதான். இருபது வேலை நாள் பயிற்சி முடிய வேண்டுமென்றால், ஜூலை நடுவிலேயே முகமையிடம் ஆள் கணக்கை எழுத்தில் கொடுத்து, பெயர்ப் பட்டியலை வாங்கிவிடுங்கள். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் வேனில் வந்து இறங்குபவர்களை அந்தப் பட்டியலோடு முகம் பார்த்துச் சரிபார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள்.