கறுப்பு முகமும் கைபேசிக் கேமராவின் கணக்கும்

லாகோஸில் கெலே என்னும் தலைத்துணி கட்டுவது, நைரோபியில் சடை பின்னுவது, அக்ராவில் ஜொலோஃப் சோறு சமைப்பது என ஆப்பிரிக்க வீடியோக்கள் இன்று குவிகின்றன. 1990-களில் நைஜீரியப் படங்கள் வீடியோ கேசட்டாக வீடுவீடாகப் போயின. இன்று கைபேசியே கேமரா, யூடியூபே கடை. ஆனால் பழைய கோளாறு ஒன்று கூடவே வந்தது: கேமரா கறுப்பு முகத்தைத் தப்பாக அளக்கிறது.

கேமராவின் தானியங்கி ஒளிக்கணக்கு, காட்சி சராசரியாக 18% வெளிச்சத்தைத் திருப்பும் சாம்பல் நிறம் என்ற அனுமானத்தில் பிறந்தது. வெளுத்த தோல் சுமார் 35% திருப்பும். அடர்ந்த கருந்தோல் 10%-க்கும் கீழே. பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால், சுவருக்காகக் கேமரா எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, குறைக்கும், முகம் இருண்டுபோகும். முகமே திரையை நிறைத்தால் எக்ஸ்போஷரைக் கூட்டி, செழுமையான பழுப்பைச் சாம்பல் பூத்ததுபோல் ஆக்கிவிடும். இருண்ட முகத்தை எடிட்டிங்கில் வெளுக்க வைத்தால் படத்தில் புள்ளி புள்ளியாகக் கறைகள் கிளம்பும். பதிவேற்றும்போது வீடியோவைச் சுருக்கும் மென்பொருளும் இருட்டுப் பகுதியின் நுணுக்கங்களைத் தாராளமாகக் கழித்துவிடும். டேட்டாவை மிச்சம் பிடிக்க 360பி என்னும் குறைந்த தெளிவில் பார்ப்பவருக்குக் கன்னம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

டெக்னோ கைபேசிகள் ஆப்பிரிக்காவில் பரவியதற்குக் கருந்தோலுக்கென்றே கேமராவைப் பழக்கியது ஒரு முக்கியக் காரணம். கூகுள் 2021-இல்தான் தன் பிக்சல் 6 கைபேசியில், தோல் நிறங்களைச் சரியாகக் காட்டும் 'ரியல் டோன்' வசதியைக் கொண்டுவந்தது. மென்பொருள் உதவும்; ஆனால் வெளிச்சத்தைச் சரிசெய்வது எடுப்பவர் கையில்தான் இருக்கிறது.

தோலின் மேற்பரப்பு, எந்த நிறமானாலும், ஏறக்குறைய 4% ஒளியைக் கண்ணாடிபோல் அப்படியே திருப்பும். வெளுத்த தோலில் அது உள்ளிருந்து வரும் ஒளியில் கரைந்துவிடும். கருந்தோலில் தனித்துத் தெரியும். கன்ன எலும்பையும் மூக்குத்தண்டையும் வரைவது இந்த மினுமினுப்புத்தான். அதைப் பவுடர் போட்டு முழுக்க அடக்கினால் முகம் தட்டையாகிவிடும். சிறிய பல்பு வெள்ளைத் திட்டுகளை உண்டாக்கும். ஆகவே ஒளிமூலம் பெரிதாக இருக்க வேண்டும்: ஜன்னலில் வெள்ளைத் துணி கட்டி, அதன் ஒளி முகத்தில் 45 பாகைச் சாய்வில் விழும்படி உட்காருங்கள். மறுபக்கம் இரண்டு, மூன்று அடியில், ஒளியை நிழல் பக்கம் திருப்ப ஒரு வெள்ளை அட்டை. பின்சுவர் நீலமோ காவியோ நல்லது. அதிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி உட்காருங்கள். திரையில் கன்னத்தை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள். இல்லையென்றால் கை அசையும்போதெல்லாம் முகம் வெளுத்துக் கறுக்கும்.

செயற்கை ஒளியில் இன்னொரு தொல்லை உண்டு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் நீல ஒளியை அதிகம் விழுங்கி, சிவப்பைக் குறைவாக விழுங்கும். மலிவான எல்இடியில் சிவப்பு குறைவு என்பதால் பழுப்பு மங்கிப் பச்சையடிக்கும். சிஆர்ஐ (விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான, 100 வரையிலான மதிப்பெண்) 95-க்கு மேல் உள்ளதை வாங்குங்கள். நைஜீரியாவிலும் கென்யாவிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படமும் ஒளியை வாங்கும் நேரத்தை, 1/50 நொடியில் வைத்தால் அந்தத் துடிப்பால் வீடியோவில் இருண்ட பட்டைகள் ஓடாது. ஆனால் ஜெனரேட்டரில் சுமை ஏறினால் அதிர்வெண் 50-லிருந்து இறங்கும், பட்டைகள் திரும்பிவிடும். அப்போது பேட்டரியில் ஓடும் ரிங் லைட்டே கதி. அதையும் முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, அதிகமானால் விளக்கைத் தள்ளி வையுங்கள். பல விளக்குகள் ஒளியைக் குறைக்கும்போதுதான் துடிக்கின்றன.

பத்து விநாடி எடுத்துப் பாருங்கள். நிழல் பக்கத்துக் கழுத்தின் நிறம் தெரிய வேண்டும், கெலேயின் பளபளக்கும் மடிப்பில் நெசவும் தெரிய வேண்டும். மடிப்பு வெளுத்திருந்தால் எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு ஸ்டாப் இறக்குங்கள் (ஒரு ஸ்டாப் இறக்கினால் ஒளி பாதியாகும்). கழுத்து இருண்டிருந்தால் அட்டையை அரை அடி கிட்டே கொண்டுவாருங்கள்.