நீர்மின்சார மலையில் நிலக்கரிக் கணக்கு

தேயிலைத் தொழிற்சாலைகளில் எரிசக்தித் தணிக்கை செய்வது என் தொழில். குன்னூர், கோத்தகிரி பக்கம் போனால் ஒரு பேச்சு தவறாமல் வரும்: "நமக்கென்ன சார், பைக்காரா, குந்தா நீர்மின் நிலையங்கள் இங்கதானே இருக்கு? நம்ம கரண்ட் சுத்தமான கரண்ட்."

பைக்காரா 1932 முதல் மின்சாரம் தருகிறது, பெருமைதான். ஆனால் அது மலைக்கென்று ஒதுக்கி வைத்த மின்சாரம் இல்லை. நெய்வேலி, மேட்டூர், தூத்துக்குடி அனல்மின்சாரத்தோடு ஒரே மின்கட்டமைப்பில் கலந்துவிடுகிறது. நாட்டுச் சராசரிப்படி யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு. குன்னூரில் சுற்றும் மின்விசிறிக்கும் நான் அதைத்தான் போடுகிறேன்.

ஒரு நாட்டின் கார்பன் உமிழ்வை நான்கு எண்களின் பெருக்கலாகப் பிரித்துக் காட்டியவர் ஜப்பானின் யோயிச்சி கயா. மக்கள்தொகை, தலைக்கு வருமானம், ஒரு ரூபாய் வருமானத்துக்குச் செலவாகும் எரிசக்தி, அந்த எரிசக்தியில் உள்ள கார்பன். மொத்த உமிழ்வில் இந்தியா உலகில் மூன்றாமிடம். தலைக்கு வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 2 டன்தான். அமெரிக்கருக்குச் சுமார் 14 டன். நம் வருமானம் உயர்ந்தே ஆகவேண்டும். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காத சிறு விவசாயியிடம் போய் வேறென்ன சொல்ல முடியும்? ஆக, நம்மால் குறைக்க முடிந்தவை கடைசி இரண்டும்தான். 2005ஐ ஒப்பிட்டு 2030க்குள் 45 சதவீதம் குறைப்பதாக இந்தியா சொன்னதும் அவ்விரண்டின் பெருக்கலைத்தான், அதாவது ஒரு ரூபாய் வருமானத்துக்கு ஆகும் உமிழ்வை. மொத்த உமிழ்வு அதற்குள் கூடவும் செய்யலாம். செய்தியைப் படிக்கிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

தொழிற்சாலைக்குள் மூன்றாவது எண், அதாவது எரிசக்திச் செலவு, எங்கே ஏறுகிறது? முதலில் இலை வாட்டும் தொட்டிகளின் விசிறிகளில். விசிறியின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்செலவு ஏறக்குறையப் பாதியாகும், ஏனென்றால் மின்தேவை வேகத்தின் கனத்தைப் பொறுத்து (வேகம் × வேகம் × வேகம்) ஏறி இறங்குகிறது. மழைக்கால ஈர இலைக்கு முழு வேகம் வேண்டும், சரி. வெயில் நாளில் எதற்கு? ஆனாலும் இரண்டு நாளும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்கலாம் என்றால், தூள் விலை சரிந்த வருடத்தில் முதலாளி கையை விரிப்பார். பழைய மோட்டாரை ரீவைண்டிங் செய்து ஓட்டுவார், அது சரியாக அமையாவிட்டால் கூடுதல் கரண்ட் இழுக்கும். காசில்லாத தொழில் எரிசக்தியை அதிகம் தின்பது இப்படித்தான்.

அப்புறம் விறகு. இலையை உலர்த்தும் டிரையருக்குச் சூடு தருவது பெரும்பாலும் அதுதான். அதன் கார்பனை நாட்டின் எரிசக்திக் கணக்கில் கூட்டுவதில்லை, மரம் வெட்டிய நிலத்தின் கணக்கில் வரும். அதற்காக ஈர விறகைப் போட்டால் நஷ்டம் நமக்கு: முதல் சூடு அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். பிளந்து, கூரைக்கடியில் காயவைத்த கற்பூர மரம் (யூகலிப்டஸ்) அதே வேலையைக் குறைந்த எடையில் முடிக்கும்.

மாதக் கடைசியில் மின்சார யூனிட்டையும் விறகு எடையையும் அந்த மாதத் தூள் கிலோவால் தனித்தனியே வகுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை தணிக்கைக்கு வரும்போது முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பேன்.