கப்பலைத் தேடாதீர்கள், மரண அறிவிப்பைத் தேடுங்கள்: தென்னாப்பிரிக்கா சென்ற ஆங்கிலேய முன்னோரைக் கண்டறியும் வழி

19ஆம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஆங்கிலேய முன்னோரைத் தேடுபவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, ‘எந்தக் கப்பலில் போனார்?’ என்பதைத்தான். பணமும் மாதக்கணக்கான உழைப்பும் வீணாவது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான். பிரிட்டனை விட்டு வெளியேறிய பயணிகளின் பட்டியல்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பி.டி. 27 என்ற வரிசையில் உள்ளன. அவை தொடங்குவதே 1890இல்தான். அதற்கு முன் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போனவர்களுக்கு முறையான பட்டியல் பொதுவாகக் கிடைக்காது. ஆகவே வாழ்க்கையின் கடைசிப் பக்கத்தில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள்.

தென்னாப்பிரிக்காவின் தெற்கில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கேப் காலனியில் 1834 முதல், ஒருவர் இறந்தால் நெருங்கிய உறவினரோ அருகில் இருந்தவரோ ‘மரண அறிவிப்பு’ என்ற படிவத்தை நிரப்பி, வாரிசுச் சொத்துகளைக் கவனிக்கும் ‘மாஸ்டர்’ அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். இறந்தவர் பெயர், பிறந்த ஊர், பெற்றோர் பெயர், வயது, தொழில், மணமானவரா, இறந்த நாள், இறந்த வீடு, பிள்ளைகளின் பெயர்கள், சொத்து உண்டா என்று படிவம் வரிசையாகக் கேட்கும். இங்கிலாந்தின் மரணச் சான்றிதழில் பெற்றோர் பெயருக்குப் பொதுவாக இடமே கிடையாது. இங்கே ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைத்துவிடும். கேப் டவுன் காப்பகத்தில் இவை எம்.ஓ.ஓ.சி. 6 வரிசையில் இருக்கின்றன.

படிவத்தின் அடியில் கையெழுத்திட்டவர் யார் என்பதை முதலில் பாருங்கள். மனைவியோ மூத்த மகனோ என்றால் பெற்றோர் பெயரை ஓரளவு நம்பலாம். பக்கத்து வீட்டுக்காரரோ மருமகனோ என்றால், பிறந்த ஊர் என்ற இடத்தில் வெறும் ‘இங்கிலாந்து’ என்றும் பெற்றோர் இடத்தில் ‘தெரியாது’ என்றும் இருக்கும். அப்படி அமைந்தால் சோர்ந்துவிட வேண்டாம். இறந்தவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஒவ்வொருவரின் அறிவிப்பையும் எடுங்கள். ஒருவருடையதிலாவது ஊர்ப்பெயர் விழுந்திருக்கும் வாய்ப்பு உண்டு.

தென்னாப்பிரிக்கக் காப்பகங்களின் இணையத் தேடுபட்டியலில் கே.ஏ.பி. என்றால் கேப் டவுன் காப்பகம், என்.ஏ.பி. என்றால் கிழக்குக் கடற்கரையில் இருந்த இன்னொரு பிரிட்டிஷ் காலனியான நேட்டாலின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகம். பெண்களின் கோப்பில் கணவரின் குடும்பப் பெயருக்குப் பின் ‘பார்ன்’ (born, ‘பிறந்த’) என்று போட்டு இன்னொரு பெயர் வரும். அது பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். டச்சு வழக்கத்திலிருந்து வந்தது. புதிதாகத் தேடுபவர்கள் அதைப் பிறந்த ஊர் என்று எண்ணி, இல்லாத கிராமத்தை இங்கிலாந்து வரைபடத்தில் துழாவுகிறார்கள்.

‘எங்கள் குடும்பம் 1820 குடியேறிகள்’ என்ற பேச்சு பல வீடுகளில் உண்டு. அதைச் சரிபார்க்க முடியும். 1819இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 50,000 பவுண்டு ஒதுக்கியது. சுமார் 4,000 பேர் கேப்பின் கிழக்கு எல்லைக்கு அனுப்பப்பட்டார்கள். முதல் கப்பல்களில் ஒன்றான ‘சாப்மன்’ 1820 ஏப்ரலில் அல்கோவா விரிகுடாவை அடைந்தது. தனியாள் விண்ணப்பித்துப் போகும் முறை பொதுவாக இல்லை. குறைந்தது 10 ஆண்களைத் திரட்டிய ஒரு தலைவர், காலனிகளுக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் அமைச்சர் பாத்தர்ஸ்ட் பிரபுவின் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். 18 வயது கடந்த ஆண் ஒருவருக்கு 100 ஏக்கர் என்பது கணக்கு. அந்த நிலம் அங்கே வாழ்ந்த கோசா மக்களை 1811–12இல் படைகொண்டு விரட்டிய சூர்வெல்ட் பகுதி. நில ஆவணங்களைப் படிக்கும்போது அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தலைவர்கள் அனுப்பிய கடிதங்களும் ஆள் பட்டியல்களும் கியூவில் சி.ஓ. 48 வரிசையில் உள்ளன. இங்கே ஒரு பொறி இருக்கிறது. கிளம்பும் நேரத்தில் சிலர் பின்வாங்கினார்கள். அவர்கள் இடத்தில் ஏறியவர் சில சமயம் பழைய ஆளின் பெயரிலேயே பயணம் செய்தார். பட்டியலில் பெயர் இருப்பதால் ஆள் போனார் என்றோ, இல்லாததால் போகவில்லை என்றோ முடிவு கட்டக்கூடாது. கேப்பில் நடந்த முதல் ஞானஸ்நானம், நில ஒதுக்கீடு, கடன் வழக்கு என ஏதாவது ஒன்று அதை உறுதி செய்ய வேண்டும். குடியேறிகளில் இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையிலிருந்து பிரிந்த மெதடிஸ்டுகள் கணிசம். ஆங்கிலிக்கன் பதிவேட்டில் குழந்தை இல்லையென்றால் மெதடிஸ்ட் பதிவேட்டைப் பாருங்கள். ஊர்ப்பெயர்களும் மாறிவிட்டன: கிரகாம்ஸ்டவுன் இன்று மக்காண்டா, போர்ட் எலிசபெத் இன்று கெபெர்கா. தேடும்போது இரண்டு பெயரையும் போட வேண்டும்.

நேட்டால் கதை வேறு. 1849 முதல் 1851 வரை ஜோசப் பைர்ன் என்பவரின் திட்டத்தில், 10 பவுண்டுக்குக் கப்பலின் மலிவு வகுப்புப் பயணமும் 20 ஏக்கர் நிலமும் என்று ஆள் சேர்த்தார்கள். 20 ஏக்கரை வைத்து அங்கே பிழைக்க முடியவில்லை. பலர் நிலத்தை விட்டு டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் போனார்கள். சிலர் ஆஸ்திரேலியத் தங்க வயல்களுக்கே போய்விட்டார்கள். நேட்டாலில் தடம் அறுந்தால் ஆஸ்திரேலியப் பதிவுகளையும் பார்ப்பது அதனால்தான்.

தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இதே நேட்டால் ஆவணங்களில் இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனை அடைந்தது. அதில் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் தனித்தனி எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடல் அடையாளம் என்று எழுதிவைத்தார்கள். அதே துறைமுகத்தில் காசு கொடுத்து இறங்கிய ஆங்கிலேயருக்கு அப்படிப் பதிவு இல்லை. கட்டுப்படுத்த வேண்டியவர்களைத்தான் அரசு நுணுக்கமாக எழுதியது. முதலாளி யார் என்ற குறிப்பும் அங்கே இருப்பதால், கரும்புத் தோட்டம் வைத்திருந்த ஆங்கிலக் குடும்பத்தைத் தேடுபவருக்கும் அந்தப் பட்டியல்கள் உதவும்.

இனி இங்கிலாந்து. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. பிறப்பைப் பதியாவிட்டால் பெற்றோருக்குத் தண்டம் என்பது 1875 முதல்தான் நடைமுறை. அதனால் அதற்கு முந்தைய குழந்தைகள் சிலர் அரசுப் பதிவில் இல்லை. 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 34 வயதுக்காரர் 30 என்றே இருப்பார். அதை நம்பி 1811இல் ஞானஸ்நானம் தேடினால், 1807இல் பிறந்தவர் கையில் சிக்கமாட்டார். பிறந்த கிராமத்தின் பெயர் 1851 கணக்கெடுப்பிலிருந்துதான் வருகிறது. குடிபெயர்ந்தவர் அதற்குள் போய்விட்டால், இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட தம்பியையோ தங்கையையோ 1851இல் பிடியுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகக் கேடு செய்வது ஒரே பெயர்க்காரர்கள். ஜான், வில்லியம், தாமஸ் என்ற பெயர்களே திரும்பத் திரும்ப வரும். பொருந்துகிற ஞானஸ்நானம் ஒன்று கிடைத்ததும் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். இணையத்தில் உள்ள வம்சாவளி மரங்கள் அதை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொள்கின்றன. நூறு மரங்களில் இருந்தாலும் அது ஒரே ஒரு ஊகம்தான். சுற்றியுள்ள ஊர்களில் அந்தப் பெயரில், முன்னும் பின்னும் ஐந்தாண்டுக்குள் பிறந்த அத்தனை பேரையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு அடக்கப் பதிவேட்டை எடுத்து, குழந்தையிலேயே இறந்தவர்களின் பெயர்களை அடித்துவிடுங்கள். இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பது அக்காலத்தில் சகஜம் என்பதால் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. அடுத்து, குடிபெயர்ந்த காலத்துக்குப் பின்னும் இங்கிலாந்திலேயே மணமுடித்தவர்களின் பெயர்களையும் கணக்கெடுப்பில் தென்படுபவர்களின் பெயர்களையும் அடித்துவிடுங்கள். மிஞ்சுவது ஒருவர் என்றால் அவரது பெற்றோர் பெயரை மரண அறிவிப்போடு ஒப்பிடுங்கள். இருவர் மிஞ்சினால், இருவரையும் மரத்தில் சேர்க்காமல் பென்சிலில் எழுதி வைத்துக்கொண்டு, தகப்பன்மார் இருவரின் உயில்களைத் தேடுங்கள். 1858 ஜனவரி 12க்கு முந்தைய உயில்கள் திருச்சபை நீதிமன்றப் பதிவுகளில் இருக்கும். ‘கேப் ஆஃப் குட் ஹோப்பில் இருக்கும் என் மகன்’ என்ற ஒரு வரி அவற்றில் ஒன்றில் இருக்கலாம்.