பூட்டிய வீடும் அடுத்த வீட்டின் விலையும்

வங்கிக் கடனுக்காகக் கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரங்களில் வீடுகளை மதிப்பிட்டுத் தரும் பொறியாளன் நான். மனை எத்தனை சதுர அடி, தரைக்கு என்ன கல் போட்டிருக்கிறோம் என்பதையெல்லாம் விரிவாகச் சொல்லும் உரிமையாளர்கள், அடுத்த வீடு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. எங்கள் பழைய தெருக்களில் வீட்டு விலை சரியத் தொடங்குவது பல நேரங்களில் அங்கிருந்துதான்.

காவிரிக்கரை ஊர்களின் பழைய தெருக்களில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. பல வீடுகளுக்கு இடையில் இருப்பது ஒரே பொதுச்சுவர்தான். ஆகவே ஒரு வீட்டு மாடியில் தேங்கும் நீர் அந்த வீட்டோடு நிற்பதில்லை. சென்ற ஐப்பசியில், மகளின் படிப்புக் கடனுக்காக ஓர் அம்மாவின் வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில் வண்ணப்பூச்சு அப்பளம்போல் உப்பியிருந்தது. விரல் பட்டதும் சுண்ணாம்புக் காரை மாவாக உதிர்ந்தது. "வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறேன் தம்பி, நிக்கவே மாட்டேங்குது" என்றார். மாடிக்கு ஏறிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. பாகம் பிரிக்காமல் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் அடுத்த வீட்டின் மழைநீர் வடியும் தூம்புவாய் வேப்பஞ்சருகால் அடைபட்டு, மொட்டைமாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. கைப்பிடிச்சுவரில் முளைத்த அரசங்கன்றின் வேர், கட்டைவிரல் பருமனில், பொதுச்சுவருக்குள் இறங்கியிருந்தது.

அந்த அம்மா செய்த செலவும் அவருக்கு எதிராகவே முடிந்திருந்தது. சுண்ணாம்புக் காரைச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விட்டாக வேண்டும். அவர் அடித்த பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, காரையைத் தள்ளிவிடுகிறது.

பத்திரப் பதிவுக் கட்டணத்துக்கு அடிப்படையாகும் பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு தெருவுக்கும் சர்வே எண்ணுக்கும் உரியது. அது சுவரின் ஓதத்தைப் பார்ப்பதில்லை. வாங்க வருபவர் பார்க்கிறார். நாங்களும் அதே தெருவில் அண்மையில் நடந்த கிரயங்களை ஒப்பிட்டே மனை விலையை முடிவு செய்கிறோம். பாழடைந்த வீட்டைப் பங்காளிகள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டால், அதன் நிலையைக் கணக்கில் எடுத்து நாங்கள் திருத்திக்கொள்வோம். ஆனால் பேரம் பேச வருபவரும் தரகரும் அப்படித் திருத்துவதில்லை. "அந்த வீடே இவ்வளவுக்குத்தானே போயிற்று" என்ற பேச்சு அடுத்த சில ஆண்டுகளுக்கு அந்தத் தெருவிலுள்ள எல்லாருடைய பேரத்திலும் வந்து நிற்கும். ஒழுங்காகப் பராமரித்தவர்களும் அதில் நட்டப்படுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பராமரிப்பு கணக்கில் எப்படி ஏறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொத்த ஆயுள் 60 ஆண்டுகள், இறுதியில் மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம், மீதி 90 சதவீதம் ஆண்டுதோறும் சமமாகக் குறையும் என்று கொண்டால், 40 ஆண்டான கட்டடத்தின் தேய்மானம் 60 சதவீதம். அதே கட்டடம் நன்கு காக்கப்பட்டு, இன்னும் 30 ஆண்டுகள் நிற்கும் என்று எங்களால் எழுத முடிந்தால், தேய்மானம் ஏறக்குறைய 51 சதவீதமாகக் குறைகிறது. முகப்புக்கு அடிக்கும் பளபளப்பான வண்ணம் இந்தக் கணக்கை மாற்றாது. மழைநீர் வடியும் வழிதான் மாற்றும்.

ஆகவே வெளியூரில் இருப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆவணியிலோ புரட்டாசியிலோ, ஒருமுறை ஆள் வைத்துத் தூம்புவாயைச் சுத்தம் செய்து, நழுவிய ஓடுகளை மாற்றிவிட வேண்டும். அரசங்கன்றை வெட்டிவிடுவது போதாது. அது மறுபடியும் துளிர்க்கும். சில செங்கற்களைப் பெயர்த்து வேரோடு எடுத்து, அந்த இடத்தைச் சுண்ணாம்புக் காரையாலேயே கட்ட வேண்டும். பங்காளிகளிடையே வழக்கு நடந்தால்கூட, இந்தச் செலவைப் பொதுவில் ஏற்க எழுத்தில் உடன்படலாம்.

அந்த அம்மாவுக்காக நான் எடுத்த படங்களை அடுத்த வீட்டுப் பங்காளிகள் அனைவருக்கும் அனுப்பினோம். மூவரில் இருவர் பணம் அனுப்பினார்கள். கார்த்திகை முடிவதற்குள் கொத்தனார் வேரை எடுத்துவிட்டார். கூடத்துச் சுவரின் பழைய பூச்சைச் சுரண்டி, கோடை முழுவதும் காயவிட்டு, அதன் பிறகு சுண்ணாம்பு மட்டும் அடிக்கும்படி சொல்லியிருக்கிறேன்.