பீலித் தண்ணீரில் நுரை ஏன் ஏறவில்லை?

ஹட்டனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “வீட்டில் ஆறடிக் கடல்நீர்த் தொட்டி அமைத்துப் பவளம் வளர்க்கப் போகிறேன். புதிதாக வாங்கிய ஸ்கிம்மரைச் சரிபார்க்கப் பீலித் தண்ணீரை நிரப்பி ஓட்டினேன். பெரிய பெரிய குமிழிகள் கொடகொடவென்று வருகின்றன, நுரை துளியும் ஏறவில்லை. கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா?”

கொடுக்க வேண்டாம். காற்றுக் குமிழிகளால் நுரை கட்டி, தொட்டிநீரின் கழிவை வெளியே எடுக்கும் கருவிதான் ஸ்கிம்மர். உங்களுடையதில் பழுதில்லை. மலை ஓடையிலிருந்து பீலி வழியே வரும் அந்தத் தண்ணீரில் இரண்டு பொருள்கள் குறைகின்றன. அவை எவை என்று பார்க்குமுன் தொட்டியைச் சரியாக நிறுத்திவிடுவோம்.

6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 24 கன அடி, ஏறத்தாழ 680 லீற்றர். கடல்நீர் மட்டும் 700 கிலோ. 12 மில்லிமீற்றர் கண்ணாடி இன்னொரு 120 கிலோ. பாறை, மணல், ஸ்கிம்மரை நிறுத்தக் கீழே வைக்கும் சம்ப் என்ற துணைத்தொட்டி, இரும்புத் தாங்கி எல்லாம் சேர்ந்தால் ஒரு தொன்னை நெருங்கும், தாண்டவும் கூடும். பழைய பங்களாக்களின் பலகைத் தளம் இதற்கு ஆகாது. மண்மீது நேரே போட்ட கொங்கிறீற்றுத் தரைதான் வேண்டும். தாங்கியின்மேல் ரெஜிபோம் அட்டை விரித்துத் தொட்டியை ஏற்றினால் சிறு மேடுபள்ளம் கண்ணாடியை உடைக்காது. வாஸ்துவுக்காக வடகிழக்கு மூலையைத் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மட்டக்கோல் வைத்துத் தரையைப் பாருங்கள், திசைமானி வேண்டாம்.

பீலித் தண்ணீர் குடிக்க இனிக்கும். ஆனால் தேயிலைக்குப் போடும் உரம் மழையோடு ஓடைக்கு இறங்குகிறது, தொட்டியில் அது பாசிக்குத் தீனி. கரைந்த உப்புகளைத் தடுக்கும் ஆர்ஓ சவ்வும் அதன்பின் மிச்சத்தைப் பிடிக்கும் அயன் பிசினும் கடந்து, கரைந்த பொருள்களை அளக்கும் ரீடிஎஸ் மானி பூச்சியம் காட்டும் நீரே வேண்டும். மலையில் இதற்கு இரண்டு தடைகள். நீரின் வெப்பநிலை 25 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு பாகைக்கும் சவ்வு தரும் நீர் ஏறக்குறைய 3 வீதம் குறையும். 15 பாகைத் தண்ணீரில் ஏறக்குறைய 30 வீதம் நட்டம். அடுத்தது அழுத்தம். சவ்வுக்கு 3 முதல் 4 பார் தேவை, பத்து மீற்றர் மேலே இருக்கும் தாங்கி ஒரு பார்தான் தரும். பூஸ்டர் பம்ப் இல்லாமல் முடியாது.

உப்பு லீற்றருக்கு 36 முதல் 38 கிராம், 700 லீற்றருக்கு 26 கிலோ வரை. சமையல் உப்பில் கல்சியமும் மக்னீசியமும் போதாது, தொட்டிக்கென விற்கும் கடலுப்புக் கலவையே சரி. நீரில் உப்பைத் தூவ வேண்டும். உப்பின்மேல் நீரை ஊற்றினால் செறிவு கூடிய இடத்தில் கல்சியம் காபனேற்று வெண்மையாகப் படிந்து வீணாகும். ஒரு நாள் பம்பை ஓடவிட்டு, உப்புச் செறிவை அளக்கும் ஒளிமுறிவுமானியில் 35 காட்டுகிறதா என்று பார்க்கவும்.

கொழும்பில் தொட்டி வைப்பவர் குளிரூட்டிக்குச் செலவழிப்பார், நுவரெலியாவில் ஹீற்றருக்கு. 600 வாற்று ஹீற்றர் ஒன்றைவிட 300 வாற்று இரண்டு நல்லது. ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் அதனால் மட்டும் தொட்டியைக் கொதிக்க வைக்க முடியாது. பவளம் வாழும் வெப்பத்துக்கும் மடியும் வெப்பத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு: 1998 இல் கடல் வழக்கத்தைவிடச் சில பாகைகள் சூடேறியதிலேயே ஹிக்கடுவையில் பவளங்கள் வெளிறி மடிந்தன. 25 அல்லது 26 பாகையில் நிறுத்துங்கள்.

பாறைக்காகக் கடலில் கைவைக்கக் கூடாது. பவளப் பாறை எடுப்பது இலங்கையில் சட்டப்படி குற்றம். நுண்துளையுள்ள பீங்கான் பாறை போதும். கழிவின் அமோனியாவைச் சிதைக்கும் பற்றீரியா அதில் பெருக வேண்டும்: அமோனியம் குளோரைட்டால் அமோனியாவை 2 பிபிஎம் (லீற்றருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு ஏற்றி, அதுவும் நைத்திரைற்றும் ஒரே நாளில் பூச்சியமாகும்வரை காத்திருக்க வேண்டும். நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும்.

இனி நுரை. மீன் தின்ற மிச்சம், கழிவு, பவளம் சுரக்கும் சளி எல்லாம் கரைந்த புரதமாகவும் கொழுப்பாகவும் நீரில் சேர்கின்றன. இந்த மூலக்கூறுகள் பலவற்றில் ஒரு பக்கம் நீரை நாடும், மறுபக்கம் நீரிலிருந்து ஒதுங்கும். ஒதுங்கும் பக்கத்துக்கு நீருக்குள் நிம்மதி இல்லை. ஒரு காற்றுக் குமிழி பக்கத்தில் வந்தால் அந்தப் பக்கத்தைக் காற்றில் நீட்டி, மறுபக்கத்தை நீரில் வைத்து, குமிழியின் தோலில் உட்கார்ந்துகொள்ளும். குமிழி மேலே போகும்போது கழிவும் கூடவே போகும்.

ஏறி உட்கார எவ்வளவு இடம் உண்டு என்பதே கேள்வி. ஒரு லீற்றர் காற்றை 5 மில்லிமீற்றர் குமிழிகளாக உடைத்தால் மொத்தப் பரப்பு 1.2 சதுர மீற்றர். அதே காற்றை அரை மில்லிமீற்றர் குமிழிகளாக்கினால் 12 சதுர மீற்றர், ஒரு சிறிய அறையின் தரை அளவு. சின்னக் குமிழி மெதுவாகவும் ஏறும், அதனால் கழிவு வந்து ஒட்ட நேரமும் கிடைக்கும்.

ஸ்கிம்மரின் பம்பில் உள்ள ஊசிச் சக்கரம் எந்த நீரிலும் காற்றைப் பொடியாக்கும். பீலித் தண்ணீரிலும் ஆக்கியிருக்கும். ஆனால் நன்னீரில் இரண்டு குமிழிகள் நெருங்கினால் இடையிலுள்ள நீர்ப்படலம் கண்ணிமைக்குமுன் வடிந்து கிழிந்து, இரண்டும் ஒன்றாகிவிடும். ஒன்று நான்காகி, நான்கு பத்தாகி, மேலே வருவது கொடகொடவென்ற பெருங்குமிழி. உப்பு நீரில் அந்தப் படலம் கிழியாமல் தாக்குப்பிடிக்கிறது. குமிழிகள் மோதி, விலகி, சின்னதாகவே மேலே வருகின்றன. சென்கிளயர் அருவியின் அடியில் வெள்ளையாகக் கொந்தளிக்கும் நீர் சில அடி தள்ளிப் போனதும் தெளிந்துவிடுகிறது, காலிமுகத்திடலில் உடைந்த அலையோ பால்போல் நெடுநேரம் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டில் உப்புக்குப் பெரும் பங்குண்டு.

இரண்டு தம்ளரில் கால் லீற்றர் நீர் எடுத்து, ஒன்றில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். மீன்தொட்டிக் காற்றுக்கல்லை மாறி மாறி இரண்டிலும் விடுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

1993 இல் கன்பராவில் கிரெய்க், நின்ஹம், பஷ்லி என்ற மூவர் பல உப்புகளை இப்படிச் சோதித்தார்கள். சாதாரண உப்பு லீற்றருக்கு ஏறக்குறைய 6 கிராம் அளவிலேயே குமிழிகள் சேர்வதைத் தடுக்கத் தொடங்கியது. சோடியம் பேர்குளோரேற்று அப்படித் தடுக்கவில்லை. எந்த நேரயனும் எதிரயனும் சோடி சேர்கின்றன என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. ஏன் என்பதற்கு எல்லோரும் ஏற்ற விடை இன்றும் இல்லை. ஒரு பம்பும் சில உப்புப் போத்தல்களும் இருந்தால் தொடங்கக்கூடிய ஆய்வு இது. “பயன் என்ன” என்று முதலிலேயே கேட்டு இத்தகைய கேள்விகளுக்குப் பணம் மறுப்பது தவறு. பேராதனையிலும் நம் பாடசாலைகளிலும் இதற்குக் கொஞ்சம் நிதி ஒதுக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது பொருள் கழிவு. உப்பு குமிழியைச் சின்னதாக வைத்திருக்கும், ஆனால் மேற்பரப்பில் நுரையாக நிறுத்தி வைக்காது. அதைச் செய்வது குமிழித் தோலில் உட்கார்ந்த புரதம். ஸ்கிம்மரின் கழுத்தில் நுரை மெல்ல ஏற, இடையிலுள்ள நீர் வடிந்து கீழே போய், செறிந்த கழிவு மட்டும் கோப்பையில் விழுகிறது. ஆகவே மீன் இல்லாத புதிய உப்பு நீரிலும் பால்நிறக் குமிழி வரும், நுரை ஏறாது. மீன் விட்ட பிறகும் ஒன்றிரண்டு வாரம் பொறுக்க வேண்டும், புதிய பிளாஸ்டிக்கின் எண்ணெய்ப் பூச்சு கழிய வேண்டுமே.

கோப்பையில் சேர்வது பிளேன்ரீ நிறத்தில் இருந்தால் அளவு சரி. வெளிறியிருந்தால் ஸ்கிம்மருக்குள் நீர்மட்டத்தைச் சற்று இறக்குங்கள். சம்ப் நீர்மட்டம் அசையக் கூடாது. சூடான தொட்டி குளிர் அறையில் வேகமாக ஆவியாகும், மிதவையோடு கூடிய தானியங்கி நிரப்பி ஆர்ஓ நன்னீரை ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். நன்றாக ஏறிய நுரை திடீரென அமர்ந்தால் எண்ணெய்யைத் தேடுங்கள். தேங்காயெண்ணெய் பூசிய கை, தாளிக்கும் புகை, எண்ணெய்ச் சத்துள்ள மீனுணவு, எதுவானாலும் எண்ணெய் நுரையைக் கொல்லும். சில மணி நேரத்தில் தானே மீளும். கழுத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை துடைக்கவும். நைத்திரேற்றுக்கு நீரிலிருந்து ஒதுங்கும் பக்கமே இல்லை, நுரை அதைத் தூக்காது. இரு வாரத்துக்கு ஒருமுறை 70 லீற்றர் நீரை மாற்றுவது அதற்காகத்தான்.

மலையில் ஸ்கிம்மர் இன்னொரு வேலையும் பார்க்கிறது. 1868 மீற்றர் உயர நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். நீரில் கரையும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறையும். மின்வெட்டில் ஸ்கிம்மர் நின்றால் கையிருப்பு சீக்கிரம் தீரும், பற்றறியில் ஓடும் காற்றுப்பம்ப் ஒன்று கட்டாயம். மேலும், குளிருக்குச் சன்னலைச் சாத்திய வீட்டில் நாம் விடும் மூச்சின் காபனீரொட்சைட்டு தொட்டியில் கரைந்து பிஎச் 7.8 க்கும் கீழே இறங்கும், பவளம் எலும்பு கட்டத் திணறும். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயைச் சன்னல் வழியே வெளியே விட்டால் பெரும்பாலும் சரியாகும். நுனியில் மெல்லிய வலை கட்டுங்கள். பக்கத்து மலையில் மருந்தடிக்கும் நாள்களில் மட்டும் குழாயை உள்ளே இழுத்துக்கொண்டு, மறுநாள் காலையில் மீண்டும் வெளியே விடுங்கள்.